‘சாத்தியமில்லை’ என்று எழுதிய நாள்

“குடிச்சிப் பாருங்க மேடம்” என்றார் அந்தப் பெண்.

என் மேஜை மேல் ஒரு பழைய குளிர்பான பாட்டில். உள்ளே கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். ஆனி மாதத்து மதியம். மின்விசிறி சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. வெயிலில் வந்தவர், தனக்குத் தண்ணீர் கேட்காமல் எனக்குத் தண்ணீர் நீட்டுகிறாரே என்று நினைத்தேன்.

மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தேன். உடனே எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் துப்பினேன். துப்பிய பிறகும் நாக்கின் ஓரங்களில் அந்த உப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீரில் பாதியாவது இருக்கும்.

“எங்க வயலுக் கேணித் தண்ணி மேடம். மூணு வருசத்துக்கு முன்னாடி இதத்தான் நடவுக்கு வர்றவங்க எல்லாரும் குடிச்சிக்கினு இருந்தாங்க.”

அவர் பெயர் எஸ்தர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் உப்பங்கழி கிளை பிரிந்து ஓடுகிற ஒரு கிராமம். ஒன்றரைக் காணி நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அதை வாங்கியவர் அவருடைய மாமனார். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங் வேலை பார்த்துச் சேர்த்ததில் வாங்கியது. அந்தத் தெருவில் சொந்தப் பெயரில் பட்டா எழுதிய முதல் ஆள் அவர்தான்.

நான் அப்போது உதவி வேளாண்மை அலுவலர். எந்த வட்டாரம் என்று சொல்லப்போவதில்லை. கடலூர் மாவட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் என் பொறுப்பில் இருந்தன என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

“அரசாங்கத்துல இதுக்கு எதுனா இருக்குதா மேடம்? இருந்தா சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் வேற வேலைக்குப் போயிடறேன்.”

அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது.

அலமாரியில் இருந்த திட்டம்

விவசாயிகளுக்குத் திட்டங்களே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏராளமாக இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் விவசாயிக்குத் தெரியாது. சில சமயம் எங்களுக்கும் தெரியாது.

சுற்றறிக்கை வரும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். கோப்பில் குத்துவோம். அலமாரியில் வைப்போம். மானியத்தில் தெளிப்பான், தார்ப்பாய், விதை என்றால் ஊருக்குள் செய்தி தானாகவே பரவிவிடும். கடைக்காரர்களே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மண்ணைக் காப்பாற்றுகிற, தண்ணீரைக் காப்பாற்றுகிற திட்டங்களுக்கு அப்படி யாரும் கிடையாது. அவற்றில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

எஸ்தர் போன பிறகு அலமாரியைத் திறந்தேன். இரண்டு நாள் தேடினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று நினைத்த நேரத்தில் அது கிடைத்தது. கடலோர உவர் நிலங்களைச் சீர்திருத்த நூறு சதவீத அரசு நிதி. கரையை உயர்த்துவது, வடிகாலைத் தூர் வாருவது, வடிகால் வாயில் ஒரு கதவு வைப்பது. கடல் ஏறும்போது அந்தக் கதவு மூடிக்கொள்ளும், வடியும்போது திறந்துகொள்ளும். பிறகு மழைத் தண்ணீரைக் கட்டி உப்பைக் கழுவி, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் இரண்டு மூன்று வருடத்தில் மண் திரும்பிவிடும்.

எஸ்தரின் ஊருக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. கடைசிப் பக்கத்தில் நிபந்தனைகள். நிலங்கள் ஒரே தொகுப்பாக இருக்க வேண்டும். பட்டாதாரர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். எவருடைய ஆவணத்திலும் குறை இருக்கக் கூடாது.

மறுநாள் அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

“இருக்குதா மேடம்?” என்று மறுபடியும் கேட்டார். “நெசமாவே இருக்குதா?”

செத்தவருக்கு வந்த எண்

பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் தேவராஜ், கடலூரில் லோடு வண்டி ஓட்டுகிறவர். இளையவர் எஸ்தரின் கணவர். மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆகவே மாமனாருக்கு ஒரு வாரிசுச் சான்று, கணவருக்கு ஒரு வாரிசுச் சான்று, பிறகு பெயர் மாற்றம், பிறகு சிறு குறு விவசாயி சான்று, பிறகு என்ன பயிர் என்று காட்டும் அடங்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு கிழமை. எஸ்தர் காலையில் மற்றவர்கள் வயலில் களையெடுத்துவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு மத்தியான பஸ் பிடிப்பார். சிதம்பரம் போய்ச் சேரும்போது அங்கே சாப்பாட்டு நேரம்.

ஒருநாள் இ-சேவை மையத்தில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். கையில் இரண்டு போன் வைத்திருந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்றின் கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

“இது யாருது?”

“அவுரோடது மேடம். பேங்கு, கேஸு, எல்லாத்துக்கும் அவுரு நம்பருதான் குடுத்து வச்சிருக்குது. ஓ.டி.பி. இதுக்குத்தான் வருது. அதனால இதுக்கும் ரீசார்ஜ் பண்ணிக்கினு இருக்கேன்.”

அப்போது அந்த விரிசல் போன் அதிர்ந்தது. எஸ்தர் அதைக் கண்ணருகே கொண்டுபோய் ஆறு எண்களையும் உரக்கப் படித்தார். கணினியில் இருந்த பெண் தட்டச்சு செய்தார். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. நான் மட்டும் வெளியே வந்து வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் மாதத்துக் குட்டைகள்

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பின்னால் சொல்லப்போவது திடீரென்று நடந்தது போலத் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். செம்மண், மணிலாக் கடலை, முந்திரி. விவசாயப் படிப்பு முடித்து வேலைக்கு வந்த முதல் வருடத்தில், பண்ணைக்குட்டை வெட்டுகிற திட்டம் ஒன்று என் கிராமங்களுக்கு வந்தது. மார்ச் மாதத்துக்குள் இத்தனை குட்டை என்று இலக்கு. இயந்திரம் மார்ச் நடுவில்தான் வந்தது.

எங்கே வண்டி இறங்க வழி இருந்ததோ அங்கே வெட்டினோம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடி வரும் என்று பார்க்க நேரமில்லை. மேட்டில் வெட்டிய குட்டைகள் உண்டு. மழை பெய்தபோது தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போனது. குட்டைகள் காய்ந்து கிடந்தன. புகைப்படத்தில் எல்லாமே அழகாக இருந்தன. அந்த வருடம் எங்கள் வட்டாரத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரு பிரதியை அம்மாவிடம் காட்டினேன்.

முதல் தடவை தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் தூக்கம் வந்தது.

ஏழு கையெழுத்து

எஸ்தரின் நிலத்தைத் தவிர அந்தத் தொகுப்பில் இன்னும் ஆறு பேர் நிலம் இருந்தது. தேவராஜையும் சேர்த்தால் ஏழு கையெழுத்து வாங்க வேண்டும். நான் படிவத்தைக் கொடுத்தேன். அலைந்தது அவர்தான்.

ஐந்து பேர் உள்ளூரிலேயே இருந்தார்கள். ஆறாவது நிலம் லால்பேட்டையில் இருந்த ஒரு பெரியவருடையது. உப்பு ஏறிய பிறகு அவர் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருந்தார். எஸ்தர் இரண்டு பஸ் மாறிப் போனார். அவர் விரட்டிவிடுவார் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“ஒக்கார வச்சி டீ குடுத்தாங்க மேடம்” என்று எஸ்தர் அடுத்த நாள் சொன்னார். “நீ பொம்பள புள்ள இவ்ளோ தூரம் வந்திருக்கிற, நான் கையெழுத்துப் போடாம இருப்பனாம்மா, இன்ஷா அல்லாஹ் தண்ணி நல்லபடியா மாறும்னாங்க. ஒரு மூட்ட நெல்லு நல்ல நெல்லா வெளைஞ்சா எனக்குச் சொல்லி அனுப்புன்னாங்க.”

தேவராஜ்தான் போடவில்லை.

எஸ்தர் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து தேவராஜ் ஊருக்கு வந்திருந்தபோது போனேன். வெள்ளைச் சட்டையோடு வேப்பமரத்தடியில் வண்டி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் வில்லன் இல்ல” என்றுதான் ஆரம்பித்தார். “மூணு வருசமா ஒரு மணி நெல்லு இல்ல. இறால் குட்ட போடறவங்க வந்து கேக்கறாங்க. குத்தகைக்கு உட்டா மாசா மாசம் வரும். எந்தம்பி பொண்ணு நர்சிங் படிக்குது. அதுக்கு நீங்களா வந்து கட்டுவீங்க?”

“இறால் குட்டைக்கு விட்டா அப்புறம் அது வயலாகாதுங்க.”

“இப்ப மட்டும் வயலா இருக்குதா?”

எஸ்தர்தான் பேசினார்.

“மாமா, ஒரு வருசம் குடுங்க. ஒரே ஒரு வருசம். அரசாங்கம் வந்து கரை போடலன்னா நானே உங்ககிட்ட வந்து குட்டைக்கு உட்டுருங்கன்னு சொல்றேன். எம் மேல சத்தியம்.”

தேவராஜ் என்னைப் பார்த்தார். “வருமா மேடம்? உங்க வாயால சொல்லுங்க.”

“வரும்” என்றேன்.

அவர் டயர்க் கரி படிந்த விரலைச் சட்டையில் துடைக்கப் பார்த்து, வெள்ளைச் சட்டை என்று நினைவு வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தோளில் துடைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மார்கழியில் கோப்பு மேலே போனது. தையில் நிதி ஒதுக்கீடு வந்தது. நானே எஸ்தருக்குப் போன் செய்து சொன்னேன்.

மாசி மாதம்

என் மேலதிகாரியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. காலை எட்டு மணிக்கே அலுவலகம் வந்துவிடுவார். யாரிடமும் கை நீட்டியதில்லை. வந்த நிதியைத் திருப்பி அனுப்புவது என்றால் மட்டும் அவருக்கு ஜுரம் வந்துவிடும்.

மாசி மாதம் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், அந்த உவர் நில வேலை மார்ச்சுக்குள்ள முடியுமா?”

“ரெண்டு மாசம் ஆகும் சார். கழியோரம் மண்ணு இன்னும் காயல. வண்டி இறங்காது.”

“மார்ச் முப்பத்தொண்ணுக்கு அப்புறம் அந்தப் பணம் நமக்குக் கெடையாது. தெரியுமில்ல?” மேஜையில் இருந்த பென்சிலை நேராக்கி வைத்தார். “மேற்கால ஒரு தொகுப்பு இருக்குது. கரை பாதி ஏற்கனவே போட்டிருக்காங்க. பத்து நாள்ல முடிச்சிப் படம் எடுத்துடலாம். ஒதுக்கீட்ட அங்க மாத்தணும்னா, இங்க ஏன் முடியாதுன்னு ஒரு அறிக்க வேணும். நீங்கதான் களப்பணியாளர்.”

“சார், அந்த மேற்கு நிலத்துல உப்பே கெடையாதே.”

“எழுத வேண்டாம்னா சொல்லுங்க மேடம். திருப்பி அனுப்பிடுவோம். யாருக்குமே கெடைக்காது.”

அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் அப்போது கேட்டது. இன்னொன்றும் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஸ்ரீமுஷ்ணம் பக்கமே மாற்றல் கேட்டு நான் கொடுத்திருந்த மனு அவருடைய பரிந்துரைக்காக அவர் மேஜையில்தான் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றே எழுதினேன். ‘மேற்படி புலங்கள் தாழ்வான பகுதியில் அமைந்துள்ளதாலும், கடல்நீர் தொடர்ந்து உட்புகுவதாலும், இந்நிலம் சாகுபடிக்கு உகந்ததாக இல்லை. பணிகளை மேற்கொள்வது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை.’

கடல்நீர் புகுவதைத் தடுக்கத்தான் திட்டம். கடல்நீர் புகுகிறது என்பதையே காரணமாக எழுதினேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்ட தாள்களுக்கு மேல் அதை வைத்துக் குத்தினேன். பச்சைக் கயிறு கட்டினேன். தேநீர் வந்தது. குடித்தேன்.

எஸ்தரிடம், “நிதி வரலம்மா. அடுத்த வருசம் பார்ப்போம்” என்றேன்.

“வந்துடுச்சின்னு சொன்னீங்களே மேடம்?”

“வந்தது. மேல இருந்து திருப்பி வாங்கிட்டாங்க.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரை போனது

தேவராஜ் அந்த வருடம் முடியும்வரை காத்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எஸ்தரும் சும்மா இருக்கவில்லை. உப்பு குறைவாக இருந்த மேல் பாதியில் உப்பைத் தாங்கும் ரக நெல்லை விதைத்தார். விதை நான் கொடுத்ததுதான். கரையில் பலவீனமான இடங்களில் மண் மூட்டை அடுக்கினார். ஐப்பசியில் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பயிர் முழங்கால் உயரம் நின்றது. பச்சை சுமாரான பச்சைதான். ஆனாலும் பயிர்.

கார்த்திகையில் காற்றும் மழையும் மூன்று நாள் விடாமல் அடித்தன. கடல் ஏறியது. உப்பங்கழியில் வெள்ளம் வடியாமல் திரும்பியது. கரை நாற்பது அடி நீளத்துக்கு அறுத்துக்கொண்டு போயிற்று. கதவு வைக்க வேண்டும் என்று நாங்கள் வரைபடத்தில் குறித்திருந்த அதே இடம்.

நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அசையாமல் நின்றது. மேலே நுரை. செத்த கெண்டை ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு பயிர் நுனிகளுக்கு நடுவில் மிதந்தது. எஸ்தர் உடைப்பு ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் மூட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மூட்டைகள் இருந்திருந்தால்கூட அடைக்க இனி ஒன்றுமில்லை.

“சாக்கு மேடம்” என்றார் என்னைப் பார்த்து. “எரவல் வாங்கின சாக்கு. திருப்பிக் குடுக்கணும்.”

பயிர்ச்சேத நிவாரணத்துக்கு மனு எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வந்தார். நான் கையால் வாங்கிப் பதிவு செய்து அனுப்பினேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ‘இந்நிலம் சாகுபடிக்கு உகந்ததல்ல என ஏற்கனவே கள ஆய்வில் தெரிவிக்கப்பட்டுள்ளதால், மனு ஏற்கப்படவில்லை.’

என் அறிக்கைதான். அந்தத் தாளை எஸ்தரிடம் கொடுக்கும்போது அந்த வரி கண்ணில் படாதபடி மடித்துக் கொடுத்தேன்.

அடுத்த சித்திரையில் நிலம் இறால் குட்டைக்குப் போனது. அதற்கு முன்பே எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

விடுதிச் சமையலறையில்

இதை எழுதுவதற்கு முன் அவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு இதற்குத் துணிச்சல் வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. விசாரித்ததில், சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

பின்பக்கம் சமையலறை. சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. எஸ்தர் தரையில் உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டு, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மகள் புதுச்சேரியில் நர்ஸாக இருக்கிறாளாம். தேவராஜ் மாமா தவறியே போய்விட்டாராம்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். நிதியை யாரும் திருப்பி வாங்கவில்லை, அந்த அறிக்கையை எழுதியது நான்தான் என்று.

அவர் கத்தியை நிறுத்தவில்லை.

“தெரியும் மேடம்.”

“தெரியுமா?”

“அந்தப் பங்குனியிலயே தெரியும். கடலூர்ல மனு குடுத்தேன், ஏன் வரலன்னு. பதிலோட உங்க ரிப்போட்டையும் சேத்து அனுப்பியிருந்தாங்க. எம் பொண்ணுதான் படிச்சிக் காட்டினா. கீழ உங்க கையெழுத்து.”

பங்குனி. அப்படியானால் விதை வாங்க வந்தபோது அவருக்குத் தெரியும். சாக்கைத் தேடிக்கொண்டு தண்ணீரில் நின்றபோது தெரியும். நிவாரண மனுவை நீட்டியபோது தெரியும்.

“அப்புறம் எத்தனை தடவை வந்தீங்க. ஒரு வார்த்தை கேக்கலையே என்னை?”

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கேட்டா, அடுத்த மனுவ நீங்க கையில வாங்குவீங்களா மேடம்?”

மூலையில் குக்கர் விசில் அடித்தது. அவர் எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். விதைகளை வழித்து ஒரு பக்கம் ஒதுக்கினார். மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை.

கடைசியில், ஒரு வாரப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதுகிறேன், உங்களைப் பற்றியும் எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்க.”

“பேரை மாத்திடறேன்.”

“எம் பேர எதுக்கு மாத்தணும்?” என்றார் எஸ்தர். “நான் என்னா தப்பு பண்ணேன்?”

மற்ற எல்லோருடைய பெயரையும் மாற்றியோ மறைத்தோ இருக்கிறேன். அவருடைய பெயரை மாற்றவில்லை.